சட்டாம்பிள்ளையின் பயணம்

பூவிருந்தவல்லியிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்னும் பேச்சு எழாத ஆண்டே இல்லை எனலாம். அப்பேச்சின் நடுவே அரசுத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றி ஒரு குறை தவறாமல் சொல்லப்படுகிறது. “அங்கே வாத்தியார் எங்கே பாடம் நடத்துகிறார்? பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறார்கள். வாத்தியாரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்துவிடுகிறார்” என்பதே அக்குறை. ஆசிரியர் என்றால் கரும்பலகை அருகே நின்று பேசுபவர், மாணவர் என்றால் வரிசையாக அமர்ந்து வாய்மூடிக் கேட்பவர் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இக்குறை நியாயமானதுதானா? வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வியப்பான செய்தி ஒன்று தென்படுகிறது. பிள்ளைக்குப் பிள்ளையே பாடம் சொல்லும் முறை நேற்று முளைத்ததன்று. அது நம் திண்ணையிலே பிறந்து, கடல் கடந்து போய், அயல்நாட்டில் புகழும் இகழும் அடைந்து, உருமாறி நம்மிடமே திரும்பி வந்த முறையாகும். அந்தப் பயணத்தை அறிந்துகொண்டால், இன்றைய பள்ளியில் எதைப் போற்றுவது, எதைக் கண்டிப்பது என்பது நமக்குத் தெளிவாகும்.

திண்ணையும் மணலும்

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அண்ணாவி ஒருவரே ஆசிரியர். வயதாலும் படிப்பாலும் வேறுபட்ட பிள்ளைகள் அனைவரும் அவர் முன் ஒரே கூடத்தில் இருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவன் மணலைப் பரப்பி விரலால் உயிரெழுத்தை எழுதுவான். அடுத்த நிலையில் உள்ளவன் எண்சுவடியை உரக்கச் சொல்வான். தேர்ந்தவன் எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதுவான். இத்தனை பேரையும் ஒருவர் எவ்வாறு நடத்தினார்? அதற்கு விடைதான் சட்டாம்பிள்ளை. முன்னேறிய மாணவன் ஒருவன் பின்தங்கியவர்களுக்கு எழுத்துக் காட்டுவான், முறை சொல்லுவான், பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பான். அண்ணாவி எல்லாவற்றையும் ஒரு காதால் கேட்டுக்கொண்டிருந்து, பிழை எழுந்த இடத்தில் குறுக்கிட்டுத் திருத்துவார்.

இம்முறையைக் கண்டு வியந்த அயல்நாட்டார் பலர். இத்தாலிய யாத்திரிகரான பியத்ரோ டெல்லா வாலே 1623ஆம் ஆண்டில் கன்னட நாட்டு இக்கேரியில், ஒரு கோயில் தாழ்வாரத்தில் நான்கு சிறுவர் மணலில் எழுதி, பாட்டாகப் பாடிக் கணக்குப் படித்ததைக் கண்டார். ஆசிரியர் அங்கே இல்லை. பிழை நேர்ந்தால் திருத்துபவர் யார் என்று அவர் வினவினார். நால்வரும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் பிழை செய்வது நடவாது; ஆகவே எங்களுக்குள் ஒருவர் மற்றவரைத் திருத்திக்கொள்வோம் என்ற கருத்தில் அச்சிறுவர்கள் விடை அளித்தனர். சிறுவர் வாயிலிருந்து வந்த இவ்விடையில் ஒரு கல்விக் கொள்கையே அடங்கியிருக்கிறது.

நம் ஓதற்பள்ளிகளிலும் இதே காட்சிதான். லெப்பையோ ஆலிம்சாவோ நடுவில் அமர்ந்திருக்க, சுற்றிலும் பிள்ளைகள் தத்தம் பாடத்தை உரத்த குரலில் ஓதுவார்கள். ஒருவன் பலகையில் அலிஃப் எழுதிக்கொண்டிருப்பான். இன்னொருவன் சிறிய சூராக்களை மனனம் செய்துகொண்டிருப்பான். வேறொருவன் கத்தத்தை நெருங்கிக்கொண்டிருப்பான். ஓதி முன்னேறிய பிள்ளை இளையவனின் உச்சரிப்பைக் கேட்டுத் திருத்துவது அங்கே இயல்பாக நடக்கும்.

இது தமிழகத்து மக்தப்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இடைக்கால இஸ்லாமிய உலகின் உயர்ந்த மதரஸாக்களில் ‘முஈத்’ என்னும் பதவியே இருந்தது. திருப்பிச் சொல்பவர் என்பது அச்சொல்லின் பொருள். ஆசிரியர் பாடத்தைச் சொல்லி முடித்த பின்னர், அதை மீண்டும் எடுத்துரைத்து, விளங்காதவர்க்கு விளக்கி, ஒவ்வொருவரும் பாடத்தைப் பிடித்துக்கொண்டாரா என்று பார்ப்பது முஈதின் கடமை. பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோர், பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தால் அதுவே அவர்களின் மீட்புத்தொகை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்த வரலாற்றை நாம் அறிவோம். கற்றவர் எவராயினும் கல்லாதவர்க்குக் கற்பிக்கக் கடமைப்பட்டவர் என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

இனி, இம்முறை கடல் கடந்த கதையைக் காண்போம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். ஐரோப்பியப் படைவீரர்களுக்குப் பிறந்து ஆதரவற்றுப் போன ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் 1789இல் அமைந்த இல்லத்தின் மேற்பார்வைப் பொறுப்பை அவர் ஏற்றார். அங்கிருந்த உதவியாசிரியர்களின் போக்கு அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஒருநாள் அவர் வழியில் ஒரு தமிழ்ப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிக்கொண்டிருந்தனர். அதைப் போலவே தம் இல்லத்திலும் செய்யுமாறு பணித்தபோது, உதவியாசிரியர்கள் அது இயலாது என்று மறுத்தனர். உடனே அவர் எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்து, எழுத்தறிவிக்கும் வேலையைக் கொடுத்தார். பெரியவர்கள் இயலாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். பின்னர் வகுப்பு ஒவ்வொன்றும் மாணவர் கைக்கே சென்றது.

1796இல் தாயகம் திரும்பிய பெல், அடுத்த ஆண்டு தம் சோதனையை நூலாக இலண்டனில் வெளியிட்டார். ஒரு பள்ளியோ ஒரு குடும்பமோ, ஆசிரியரின் அல்லது பெற்றோரின் மேற்பார்வையில் தனக்குத்தானே கற்பித்துக்கொள்ள முடியும் என்பதை அந்நூலின் தலைப்பே அறிவித்தது. இதில் ‘மேற்பார்வையில்’ என்னும் சொல்லை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம். இக்கதை முழுவதும் அச்சொல்லைச் சுற்றியே அமைகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1798இல், ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கி, இதை ஒத்த முறையைக் கையாண்டார். தொழிற்சாலைகள் பெருகிய காலம் அது. ஏழைப் பிள்ளைகள் ஏராளம். பணமும் ஆசிரியர்களும் குறைவு. ஓர் ஆசிரியரே நூற்றுக்கணக்கான, ஏன், ஆயிரம் பிள்ளைகளுக்குக்கூடப் பாடம் சொல்லலாம் என்னும் பேச்சு செல்வர்களின் செவிக்கு இனித்தது. ‘சென்னை முறை’ என்னும் பெயர் இங்கிலாந்தெங்கும் பரவியது. 1811இல் அமைந்த தேசியச் சங்கம் பெல்லின் முறையையே தன் பள்ளிகளில் கைக்கொண்டது. பெல் 1832இல் மறைந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் அவரது ஊரில் எழுந்த பள்ளிக்கு ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர் வழங்குகிறது.

ஆயினும் அங்கே சட்டாம்பிள்ளையின் தொழில் மாறிவிட்டது. திண்ணையில் அவன் அண்ணாவியின் கண்ணெதிரே ஐந்தாறு இளையவர்க்கு எழுத்துக் காட்டியவன். இலண்டன் கூடத்திலோ நீண்ட வரிசை ஒன்றின் காவலனானான். கட்டளைக்கு எழுவதும் அமர்வதும், சீட்டும் பட்டயமும், தவறினால் அவமானத் தண்டனையும் என்று பள்ளி ஆலைபோல் இயங்கியது. பொருள் விளங்காத மனனமே மிஞ்சியது. அதன் குறையை உணர்ந்த இங்கிலாந்து, 1846 முதல் பயிற்சி பெறும் இளம் மாணவ ஆசிரியர்களை அமர்த்தி, சட்டாம்பிள்ளைகளைப் படிப்படியாகக் கைவிட்டது.

முறை ஒன்றே, விளைவுகள் இரண்டு. காரணம் வெளிப்படை. இங்கே ஆசிரியர் பிள்ளைகளுக்கு அருகில் இருந்தார். அங்கே ஆசிரியருக்கு மாற்றாகவே பிள்ளை நிறுத்தப்பட்டான்.

மன்றோ கண்ட பள்ளிகள்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடி ஆகியவை அடங்கிய அன்றைய செங்கற்பட்டு மாவட்டமும் அக்கணக்கில் உண்டு. 1826இல் தொகுக்கப்பட்ட விவரப்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். வீட்டில் கற்போரையும் சேர்த்தால், ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெறுகின்றனர் என்று மன்றோ மதிப்பிட்டார். பெண்பிள்ளைகளோ பள்ளிகளில் மிகச் சிலரே. அதே குறிப்பில், ஆசிரியர்களின் வருவாய் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் இல்லை என்றும், அத்தொகை தகுதியுள்ளவர்களை இத்தொழிலுக்கு ஈர்க்கப் போதாது என்றும் அவர் வருந்தினார்.

பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இன்னும் நேரியது. முன்னேறிய மாணவர் பின்தங்கியவர்க்குக் கற்பித்து, அதனால் தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் முறை போற்றத்தக்கது; இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று அவர் எழுதினார். ஆனால் அதே அறிக்கையில், பிள்ளைகள் பொருளறியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறார்கள் என்றும் சுட்டினார். புகழ்ச்சி, குறை இரண்டையும் நாம் ஏற்கத்தான் வேண்டும். கோதண்டத்தில் தொங்கவிடுதல், பிரம்படி போன்ற தண்டனைகள் அப்பள்ளிகளில் இருந்ததையும், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அத்திண்ணைகளில் பெரும்பாலும் இடமில்லாமற் போனதையும் மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது வரலாற்றுக்கு அழகன்று.

தண்டனையைப் பற்றி நம் முன்னோர் பேசாமலில்லை. 14ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியுள்ளார். கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை ஊக்கம் இழக்கிறான்; அடிக்கு அஞ்சிப் பொய்யும் சூதும் பழகுகிறான்; நாளடைவில் அவையே அவன் இயல்பாகிவிடுகின்றன என்பது அவர் காட்டும் உண்மை. சட்டம் இதை நமக்குச் சொல்ல ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே, பிள்ளைகளை உடலாலும் உள்ளத்தாலும் துன்புறுத்துவதைத் தடை செய்தது.

ஆலைகளின் நிழலில்

1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின் உதவித்தொகையும் தணிக்கையும் பள்ளிகளுக்குள் நுழைந்தன. சென்னையில் 1856இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. வகுப்புக்கு ஓர் அறை, வயதுக்கு ஒரு வகுப்பு, மணிக்கு ஒரு பாடம் என்னும் ஒழுங்கு நிலைபெற்றது. அண்ணாவி ‘வாத்தியார்’ ஆனார். ஊரார் நெல்லுக்கு உழைத்தவர் சம்பளக்காரரானார். சட்டாம்பிள்ளையோ ‘மானிட்டர்’ என்னும் அயற்பெயருடன் திரும்பி வந்தான். ஆனால் அவனிடம் பாடம் இல்லை. பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலை மட்டுமே இருந்தது. கற்பித்தவன் காவலனாகிவிட்டான். நம்மில் பெரும்பாலோர் பள்ளியில் கண்ட சட்டாம்பிள்ளை இவனே.

விடுதலைக்குப் பின் இப்பகுதியின் முகமே மாறியது. ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சமதர்மப் பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர்களில் நாற்றிசையிலிருந்தும் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. பள்ளி செல்லும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் வகுப்புகளை நிறைத்தனர்.

அதற்குச் சற்று முன்னர், 1953இல், இராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றதொரு திட்டத்தைக் கொணர்ந்தார். குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்ட அத்திட்டம், 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1958இல் இதே இரயில் பாதையில் மேற்கே உள்ள கடம்பத்தூரில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஊர் மக்களே தம் பள்ளிக்குப் பலகையும் நாற்காலியும் கட்டடமும் அளித்தனர். அவ்வழக்கம் மாநிலமெங்கும் பரவியது. ஆசிரியர் அன்று பாடம் சொல்பவராக மட்டும் இருக்கவில்லை. வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அழைப்பவரும், உணவைக் கவனிப்பவரும், ஊரைக் கூட்டுபவரும் அவரே. நம் பெண்பிள்ளைகளின் கல்விக்கும் அக்காலமே திருப்புமுனை. நீதிபதி பஷீர் அகமது சயீத் முயன்று சென்னையில் நிறுவிய எஸ்.ஐ.இ.டி. பெண்கள் கல்லூரி 1955இல் தொடங்கியது.

திரும்பி வந்த வட்டம்

2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ அறிமுகமானது. அன்றைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் அதற்கு ஊக்கம் தந்தார். அன்றைய சித்தூர் மாவட்டத்து ரிஷிவேலியில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்ட முறையே அதற்கு முன்மாதிரி. 2007-08ஆம் கல்வியாண்டில் அது தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியபோது, அம்பத்தூர், ஆவடி வட்டாரப் பள்ளிகளுக்கும் வந்தது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் ஏணிப்படியில் தன் படியை அறிந்து தன் வேகத்தில் ஏறினான். வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்தனர். முந்தியவன் பிந்தியவனுக்கு உதவினான். சுவரின் அடியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை தீட்டப்பட்டது. ஆசிரியர் தரையில் அமர்ந்தார். திண்ணை மீண்டும் தோன்றிவிட்டது!

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபின், 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர், பெரும்பாலோர் பெண்கள், தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். 2022 ஜூன் 13 அன்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க விழா நம் பகுதிக்கு அருகே, திருவள்ளூர் மாவட்டம் புழல் ஒன்றியத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் நடந்தது. பிள்ளைகள் வயதால் அன்றிக் கற்ற அளவால் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுக்களாக அமர்கிறார்கள். இவை எல்லாம் பழைய முறையின் புதிய உருவங்களே.

அவ்வாறாயின் நாம் தொடக்கத்தில் கூறிய குறை பொருளற்றதா? முற்றிலும் அப்படியன்று. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே போதும். வகுப்புகளோ ஐந்து. ஐந்து வகுப்பை இருவர் நடத்தும்போது, பிள்ளைகள் வட்டமாக அமர்வது கல்விக்காகவா, ஆட்குறைவை மறைக்கவா என்னும் ஐயம் எழுவது இயல்பு. மேலும், மதிப்பீடுகளைச் செல்பேசிச் செயலியில் ஏற்றும் வேலை தம் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர்கள் முறையிடுகின்றனர். அண்ணாவியின் காது பிள்ளைகளின் குரலில் இருந்தது. இன்றைய ஆசிரியரின் கண் திரையில் இருக்குமானால், இலண்டன் கூடத்தின் குற்றமே வேறு வடிவில் இங்கு வந்து சேரும்.

ஆதலின் நம் பெற்றோர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆசிரியர் நிற்கிறாரா அமர்கிறாரா என்பதோ, பிள்ளைகள் பேசுகிறார்களா மௌனமாயிருக்கிறார்களா என்பதோ கேள்வியன்று. மிக உயர்ந்த கட்டணம் வாங்கும் பள்ளியில் ஐம்பது பிள்ளைகள் மௌனமாக வரிசையில் அமர்ந்திருக்கலாம். அவர்களில் பத்துப் பேருக்கு ஒன்றுமே விளங்காமலும் இருக்கலாம். “என் பிள்ளை படிப்பதை ஆசிரியர் இந்த வாரம் தம் காதால் கேட்டாரா? அவன் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறான் என்று அவரால் சொல்ல முடியுமா?” என்பதே கேள்வி. இதற்கு ஆம் என்று விடை கிடைக்கும் பள்ளி, அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும், நல்ல பள்ளி. இல்லையெனில், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்குச் சட்டம் அளித்துள்ள இடத்தில் அமர்ந்து, போதிய ஆசிரியரைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை, கடமையும்கூட.

பெல் தம் நூலின் தலைப்பில் பள்ளியோடு குடும்பத்தையும், ஆசிரியரோடு பெற்றோரையும் சேர்த்தே எழுதினார். மஃரிபுக்குப் பின் வீட்டில் மூத்தவள் இளையவனுக்குப் பாடம் சொல்லும்போது, தாயோ தந்தையோ பக்கத்தில் அமர்ந்து செவிகொடுப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்குத் தன் பாடம் உறுதிப்படுகிறது. கேட்கும் பிள்ளைக்கு அச்சம் அகல்கிறது. அருகிருக்கும் பெற்றோருக்கோ பிள்ளைகள் இருவரையும் அறியும் வாய்ப்புக் கிட்டுகிறது. சட்டாம்பிள்ளையின் நீண்ட பயணம் நமக்குக் கற்பிப்பது இதுவே: பிள்ளை பிள்ளைக்குக் கற்பிக்கலாம், ஆனால் பெரியவர் எழுந்து போய்விடலாகாது.